சுவேரிஸ் பெயரில் ஒரு தாள்

யாரைப் பார்த்தாலும் ஹத்ரேஸின் கண் முதலில் வடுவைத்தான் தேடும். தொழில் கொடுத்த பழக்கம். எங்கள் ஊரில் மனு எழுத வருபவர்களில் பாதிப் பேர் ஹோரோஸ்; மீதிப் பேர் ஹோரோஸின் மகன். எந்த ஹோரோஸ் என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டாமா? அதனால் பெயர், தகப்பன் பெயர், வயது எல்லாம் எழுதியபின் உடம்பில் வடு எங்கே இருக்கிறது என்றும் எழுதுவார்கள். வலது முழங்காலில் வடு. மோவாயில் வடு. கழுதை கடித்த காது. ஒரு வடுவும் இல்லாத ஆள் வந்தால் "அடையாளமில்லை" என்று எழுதிவிட்டு, இத்தனை வருஷம் என்னதான் செய்தாய் என்பதுபோல ஹத்ரேஸ் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பான்.

எங்கள் ஊர்ச்சாமி செராப்பிஸின் கோவில் வெளிமண்டபத்தில் மூன்றாவது தூண் அவன் இடம். பக்கத்தில் மசிக்குடுவை, நாணல் பேனா, மடியில் நாணல் தாள். பதினேழு வயதில் அங்கே உட்கார்ந்தவன். இந்தக் கதை நடந்தபோது நாற்பதை எட்டிக்கொண்டிருந்தான். பக்கத்து நிலத்துக்காரன் வாய்க்காலை மறித்தான், மருமகன் அடித்தான், மாடு காணோம் என்று ஊரின் கோபமெல்லாம் அவன் விரல் வழியாகத்தான் அதிகாரிகளிடம் போகும். "நான் அநியாயமாக வதைக்கப்பட்டேன், என்னைக் காப்பாற்றுங்கள்" என்று ஒரு நாளைக்கு எட்டு முறையாவது எழுதுவான். சொந்த வாயால் அப்படி ஒரு வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை. சந்தையில் சொத்தை முள்ளங்கியைக் கொடுத்தால்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு வருவான்.

கிறிஸ்தவ சபைக்குள் அவன் வந்த கதையும் அப்படித்தான். சுவேரிஸ் சணல் நூற்கிறவள். தாய் காலத்திலிருந்தே சபையில் இருந்தவள். கல்யாணமான புதிதில் ஞாயிறுதோறும் அவளைக் கூடும் வீட்டுவரை கொண்டுபோய் விட்டுவிட்டு இவன் வாசலிலேயே உட்கார்ந்திருப்பான். மூன்று வருஷம் அப்படி உட்கார்ந்தவன், ஒரு ஆனி மாதத்து வெயில் தாங்க முடியாமல் உள்ளே போனான். அப்புறம் வெளியே வரவில்லை. ஞானஸ்நானமும் ஆயிற்று. "எங்க வீட்டுக்காரர் வெயிலுக்கு ஒதுங்கின விசுவாசி" என்று சுவேரிஸ் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அவனும் சிரிப்பான். ஞாயிறு சபை, மற்ற நாள் செராப்பிஸின் தூண். அதில் யாரும் குற்றம் கண்டதில்லை.

அந்த வருஷம் புதிதாகப் பட்டத்துக்கு வந்த சக்கரவர்த்தி ஓர் ஆணை போட்டார். ஆண், பெண், குழந்தை, அடிமை என்று பாக்கியில்லாமல் எல்லாரும் தெய்வங்களுக்குத் தூபம் போட வேண்டும், மது வார்க்க வேண்டும், பலிக்கறியில் ஒரு வாய் தின்ன வேண்டும். அதைக் கண்ணால் பார்த்தோம் என்று இரண்டு அதிகாரிகள் கையெழுத்துப் போட்ட தாள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். யூதர்களுக்கு மட்டும் விலக்கு. அவர்கள் சாமி பழைய சாமி என்பதால் அந்த மரியாதை. கிறிஸ்தவர்களைப் பற்றி ஆணையில் ஒரு சொல்லும் இல்லை. இல்லாததனால் அவர்களுக்கு விலக்கும் இல்லை, ஒளிய இடமும் இல்லை.

கோவில் முற்றத்தில் தீ மூட்டினார்கள். ஜனம் வாய்க்கால் பாலம்வரை வரிசையில் நின்றது. தாள் எழுதும் வேலை மூன்றாவது தூணுக்கு வந்து சேர்ந்தது.

"பேரு?"

"என்னைத் தெரியாதா உனக்கு? போன மாசம்தானே மாட்டுக்கு மனு எழுதின."

"எழுதறதுக்குக் கேக்கணும்ணே. 'நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலி செலுத்தி வந்திருக்கிறேன்...'"

"நில்லு நில்லு. எப்போதும்னு போடாத தம்பி. போன வருஷம் குடுக்கல. கோபத்துல விட்டுட்டேன்."

"எல்லாருக்கும் அப்படித்தாண்ணே போடணும்."

"பொய்யாச்சே."

"நீங்க பொய் சொல்லலண்ணே. தாள் சொல்லுது."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மாட்டுக்காரர் திருப்தியாகிப் போனார். அந்த வார்த்தை எவ்வளவு லேசாகத் தன் வாயிலிருந்து வந்தது என்பதை ஹத்ரேஸ் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

நாலாவது நாள் சபை ஆட்களும் வரத் தொடங்கினார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு பெயர் சொன்னார்கள். அவனும் முதல்முறையாகக் கேட்பதுபோலக் கேட்டு எழுதினான். ஞாயிற்றுக்கிழமை அவனோடு ஒரே பாயில் உட்கார்ந்தவர் அன்றைக்கு அவன் முன்னால் நின்று, "இடது கையில் வடு" என்று தன் கையைத் தானே நீட்டிக் காட்டினார். சபையின் மூப்பர் ஆணை வந்த வாரமே தெற்கே பாலைவனப் பக்கம் போய்விட்டார். மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர்கள் மூன்றே பேர்: நெசவுக்கார பாசியோன், அவன் தம்பி, ஒரு கைம்பெண். மூன்று பேரும் தானியக் கிடங்குக்குப் பின்னாலிருந்த சிறையில் இருந்தார்கள். சிறையில் சோறு போட மாட்டார்கள். வேண்டியவர்கள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சுவேரிஸ் தினமும் காலையில் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போய், இடுப்பளவு உயரத்திலிருந்த கம்பிச் சன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு வருவாள்.

தெருவாரியாகப் பட்டியல் நகர்ந்தது. அவர்கள் தெரு மாதக் கடைசி. அதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஹத்ரேஸ் ஒருமுறை வாயைத் திறந்தான்.

"நம்ம தெரு வருது."

"வரட்டுமே." சுவேரிஸ் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யலாம்?"

"நான் போக மாட்டேன். அவ்வளவுதான். நீங்க என்ன செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன். அது உங்க பாடு." இன்னொரு கல்லை எடுத்து எறிந்துவிட்டு, "பயமாத்தான் இருக்கு. அதுக்காக?" என்றாள்.

அடுத்த வீட்டு ஓனியாஸ் செக்கு வைத்திருந்த யூதர். நூற்று முப்பது வருஷத்துக்கு முன் நடந்த கலகத்தில் எங்கள் ஊர் யூதர்கள் அடியோடு அழிந்தார்கள். ஊர் இன்னும் அந்த வெற்றிக்கு வருஷந்தோறும் திருவிழா எடுக்கிறது. திருவிழா அன்றைக்கு ஓனியாஸ் செக்கை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். பின்னால் வந்து சேர்ந்த ஏழெட்டுக் குடும்பங்களில் அவருடையது ஒன்று. அவர் ஒரு நாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லவா? ஓய்வுநாளைக்கு எங்க கூட வந்து உக்காந்துடு. முக்காடு போட்டுக்கிட்டா யாருக்குத் தெரியப் போவுது? உன் புருஷனையும் கூட்டிட்டு வா. கேட்டா எங்க ஆளுங்கன்னு நான் சொல்லிக்கிறேன்."

"உங்களுக்கு ஏண்ணே வம்பு?"

"வம்புதான். ஆனா பாரு, எங்க பாட்டன் பூட்டன் காலத்துல யூதன்னு சொன்னா தலை போச்சு. இப்ப யூதன்னு சொன்னாத் தலை தப்பிக்குது. இந்தக் கூத்தை ஒரு தடவையாச்சும் அனுபவிச்சுப் பாத்துடணும்னு இருக்கு."

சுவேரிஸ் சிரித்துவிட்டாள். அப்புறம், "உங்க சாமி முன்னால நான் பொய் சொல்லிட்டு உக்காரணும். அது உங்களுக்கே பிடிக்காதுண்ணே" என்றாள். ஓனியாஸ் தாடியைச் சொறிந்துகொண்டு, "பிடிக்காதுதான். ஆனா எம் மூஞ்சியில தெரியாதபடி பாத்துக்குவேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஹத்ரேஸ் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பேனா சீவிக்கொண்டிருந்தான். அவனுக்கு வேறு வழி ஒன்று தெரிந்திருந்தது.

இருபது நாளாக அவன் பார்த்துக்கொண்டிருந்த விஷயம் அது. அதிகாரிகளில் மூத்தவர் கஸ்தோர். அந்தப் பதவி நிலபுலன் உள்ளவர்கள் தலையில் முறை வைத்து விழும் ஊர்ப்பணி. அவர் கேட்டு வாங்கியதல்ல. புகையும் ஈயும் கொழுப்பு நாற்றமுமாக முற்றத்தில் நின்று நின்று அவருக்கு வெறுத்துப்போயிருந்தது. அதனால் பலியைப் பார்த்த கையோடு கையெழுத்துப் போடுவதை விட்டுவிட்டார்கள். அன்றன்றைய தாள்களை ஹத்ரேஸ் தன் முழங்கைக்குப் பக்கத்தில் அடுக்கி வைப்பான். சாயங்காலம் வெயில் தணிந்ததும் கஸ்தோர் அடுக்கை எடுத்து, அடி ஓரத்தை மட்டும் விரித்து, "பலி கொடுப்பதைப் பார்த்தோம்" என்று ஒவ்வொன்றிலும் கிறுக்குவார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. ஹத்ரேஸின் எழுத்து அவ்வளவு நம்பகமானது.

மறுநாள் மத்தியானம் அவன் தன்னுடைய தாளை எழுதினான். குடும்பத் தாளில் மனைவி பெயர் இல்லாவிட்டால் கேள்வி வரும். "...ஹத்ரேஸ், வயது முப்பத்தொன்பது, அடையாளமில்லை. அவன் மனைவி சுவேரிஸ், வயது முப்பத்தொன்று, இடது புருவத்தில் வடு." சின்ன வயதில் கிணற்றுக் கயிறு அறுந்து வாளி அடித்த வடு. கை தானாக எழுதிவிட்டது. ஒரு துணி வெளுப்பவனுக்கும் ஒரு மீனவனுக்கும் நடுவில் அந்தத் தாளைச் செருகினான். கஸ்தோர் கிறுக்கினார். இளைய அதிகாரியும் கிறுக்கினார்.

நாங்கள் இரண்டு பேரும் பலி கொடுக்கவில்லை, ஒரு சிட்டிகைத் தூபம்கூடப் போடவில்லை என்று வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போனான். பொய் சொன்னது தாள். யாராவது கதவைத் தட்டினால் நீட்டலாம். தட்டாவிட்டால் அது பானைக்கு அடியிலேயே கிடக்கும். அவளுக்குத் தெரியவே வேண்டாம். வீட்டுக்கு வந்து தானியப் பானைக்கு அடியில் அதை வைத்தான். பல நாளுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் இரண்டு ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டான்.

ஒரு விஷயத்தை அவன் மறந்துபோனான். எல்லாருக்கும் இரண்டு பிரதி எழுதிக் கொடுத்தவன் அவனேதான். ஒன்று ஆளுக்கு, ஒன்று அரசாங்கத்துக்கு; கைப்பழக்கத்தில் தன்னுடையதையும் அப்படி இரண்டாகவே எழுதிச் செருகியிருந்தான். அரசாங்கப் பிரதிகளை ஓரத்தோடு ஓரம் ஒட்டி ஒரே சுருளாக்குவார்கள். மாதக் கடைசியில் மாவட்டத்திலிருந்து உத்தரவு வந்தது: போலித் தாள்கள் நடமாடுவதாகத் தெரிகிறது, ஆகையால் சுருளை ஊர் கேட்க வாசிக்க வேண்டும்.

சந்தை நாளாகப் பார்த்துக் கோவில் படியில் நின்று வாசித்தார்கள். வெங்காயம் வாங்கிக்கொண்டிருந்த சுவேரிஸ் தன் பெயரைக் கேட்டாள். புருவத்து வடுவையும் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து அவள் வெங்காயத்தை இறக்கி வைத்தாள். அவன் எதையும் ஒளித்துவைக்கும் தானியப் பானையைத் தூக்கித் தாளை எடுத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அவன் எழுத்து எப்படி இருக்கும் என்று தெரியும். திரும்ப வைத்துவிட்டாள். மறுநாள் வழக்கம்போல ரொட்டி சுட்டுச் சிறைக்குக் கொண்டுபோனாள். உள்ளேயிருந்து ஒரு கை வந்து ரொட்டியை வெளியே தள்ளியது.

"அண்ணே, நான் சுவேரிஸ்."

"தெரியுது," என்றது பாசியோனின் குரல். "பலிக்கறி தின்ன கை சுட்ட ரொட்டி எங்களுக்கு வேண்டாம்மா."

"நான் தின்னல."

"ஊரே கேட்டுச்சு. உன் வடுவைக்கூட வாசிச்சாங்களாம். போயிடு, அழுதுடப்போறேன்."

அவள் ரொட்டிகளோடு நேராகக் கோவிலுக்கு வந்தாள். கூட்டத்தைத் தாண்டி மூன்றாவது தூணடிக்கு வந்து, மனுக்காரர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள்.

"எழுதுங்க."

"சுவேரிஸ், வீட்டுக்குப் போய்..."

"எழுதுங்கன்னேன். ஊர்ல இருக்கற ஒவ்வொருத்தருக்கும் எழுதறீங்க. எனக்கும் எழுதுங்க. 'சுவேரிஸ், வயது முப்பத்தொன்று. என் பேருல இருக்கிற தாள் பொய். நான் ஒருநாளும் பலி குடுக்கல. இனிமேயும் குடுக்க மாட்டேன்.'"

"இதை எழுதினா உன்னை உள்ள வெச்சிடுவாங்க."

"நான் 'மாட்டேன்'னு சொன்னேன்ல. அதை நீங்க எடுத்துக்கிட்டீங்க. எனக்கு அது திரும்ப வேணும்."

வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹத்ரேஸ் பேனாவை மசியில் தோய்த்தான். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. அவன் வாழ்நாளிலேயே அழகான மனு அது என்றுகூடச் சொல்லலாம். கீழே, "இவளுக்குத் தெரியாமல் அந்தத் தாளை எழுதியவன் நானே" என்று தன் பெயரையும் சேர்த்தான். இரண்டு பேரும் எழுந்து கஸ்தோரிடம் போனார்கள்.

கஸ்தோர் தாளை இருமுறை படித்தார். இளைய அதிகாரியைப் பார்த்தார். பிறகு ஹத்ரேஸைக் கிட்டே இழுத்தார்.

"யோவ் ஹத்ரேஸு. இதுக்கு அர்த்தம் என்னான்னு தெரியுமா?"

"தெரியுங்கய்யா."

"உனக்கும் உன் பெண்டாட்டிக்கும் என்ன ஆவும்னு யோசிச்சே. எனக்கு என்ன ஆவும்னு யோசிச்சியா? 'பார்த்தோம்'னு கையெழுத்துப் போட்டது நாங்க ரெண்டு பேரு. இது பொய்னா நாங்க பொய். இந்த ஒண்ணு பொய்னா மீதி அத்தனையும் பொய்யான்னு மேல இருந்து கேப்பான். திரும்ப முதல்லேருந்து ஊர் பூராவும் வரிசையில நிக்கணும். இந்த நாத்தத்துல இன்னொரு மாசம் நான் நிக்கணுமா?"

"ஐயா, நான் பலி குடுக்கலைங்க," என்றாள் சுவேரிஸ்.

"நீ குடுத்தேம்மா. நான் பார்த்தேன்."

"நீங்க பார்க்கல."

"பார்த்தேன்னு எழுதியிருக்கு. இடது புருவத்துல வடு. இதோ இருக்கு. நீதானே?" அவர் மனுவை நாலாய் மடித்துப் பலித்தீயில் போட்டார். "அடுத்த ஆளைக் கூப்பிடுய்யா."

அவள் முற்றத்தின் நடுவில் நின்று, "நான் கிறிஸ்தவள்" என்று உரக்கச் சொன்னாள். காவலன் ஒருவன் அவள் தோளைப் பிடித்து, பொறுமையாகவே, வெளியே கொண்டுவந்து விட்டான். "தாள் இருக்கறவங்களைப் பிடிக்கக் கூடாதுன்னு உத்தரவும்மா. வீட்டுக்குப் போ." வரிசையிலிருந்து ஒருவன், "எங்களுக்குத் தாள் கிடைக்க மாட்டேங்குது, இந்தம்மாவுக்குக் கிடைச்சது கசக்குது!" என்றான். நாலு பேர் சிரித்தார்கள்.

வாய்க்கால் கரையில் அவள் உட்கார்ந்துவிட்டாள். ரொட்டி மூட்டை இன்னும் மடியில் இருந்தது. ஹத்ரேஸ் சற்றுத் தள்ளி நின்றான். மன்னிப்புக் கேட்கலாம் என்று தோன்றியது. மனுவில் எழுதும் வார்த்தைகள்தான் வாயில் வந்தன. இறைப்பவர்கள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றில் வெள்ளம் ஏற இன்னும் ஒரு மாதம் இருந்தது; வாய்க்காலில் சேறுதான் அதிகம்.

"குடு" என்றான் கடைசியில். மூட்டையை அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டு தானியக் கிடங்குப் பக்கம் நடந்தான். அவள் பின்னாலேயே வந்தாள்.

கம்பிச் சன்னல் இடுப்பளவில் இருந்ததால் அவன் மண்டி போட வேண்டியிருந்தது. உள்ளே இருட்டு; மூத்திர நாற்றம். தெருவில் மூட்டை தூக்குபவர்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். அத்தனை பேர் கேட்கத் தன் பெயரில் எதையும் அவன் சொன்னதே இல்லை.

"பாசியோனு, நான் ஹத்ரேஸ். சத்தமாச் சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கட்டும். தாளை எழுதினது நான். அடுக்குல செருகினதும் நான். அவளுக்குத் தெரியாது. அவ மாட்டேன்னுதான் சொன்னா. எங்க தெரு வர்றதுக்கு ஒன்பது நாளைக்கு முன்னாடியே சொன்னா. நான்தான்... நான் பயந்துட்டேன்."

பாசியோன் பேசினான். குரல் சன்னலுக்கு மிகக் கிட்டே வந்திருந்தது.

"ஊரையே கும்பிட வெச்ச கை இல்லடா அது? நம்ம ஆளுங்க எத்தனை பேருக்கு எழுதினே?"

"இருபத்தாறு."

"ஒருத்தனையாச்சும் 'போடா வீட்டுக்கு'ன்னு சொல்லத் தோணலையா?"

"தோணிச்சு. சொல்லல."

"சரி, தள்ளு. தங்கச்சி எங்க?"

ஹத்ரேஸ் தள்ளிக்கொண்டான். சுவேரிஸ் உட்கார்ந்து ஒரு ரொட்டியை நீட்டினாள். உள்ளேயிருந்து கை வந்து அதை வாங்கிக்கொண்டது, அடுத்ததையும் வாங்கிக்கொண்டது. சிறைக்காவலன் வாசலில் ஈ ஓட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டபடி உட்கார்ந்திருந்தான். "பேசி முடிச்சாச்சா?" என்றான். போலித் தாள் எழுதினேன் என்று ஒருவன் கூவியதை யாரிடமும் போய்ச் சொல்ல அவனுக்கும் விருப்பமில்லை. அந்த ஊரில் அது யாருக்கும் வேண்டாத செய்தியாக இருந்தது.

அடுத்த கோடையில் சக்கரவர்த்தி வடக்கே எங்கோ சதுப்பு நிலத்துப் போரில் செத்துப்போனார். அதற்குப்பின் ஆணையைப் பற்றி யாரும் பேசவில்லை. கைம்பெண் சிறையிலேயே இறந்திருந்தாள். பாசியோனும் தம்பியும் எலும்பும் தோலுமாக வெளியே வந்தார்கள். பாலைவனத்துக்குப் போயிருந்த மூப்பரும் நன்றாகவே திரும்பி வந்து, விசுவாசத்திலிருந்து விழுந்தவர்களை விசாரிக்க உட்கார்ந்தார். மிரட்டலுக்குப் பயந்து தூபம் போட்டவர்கள் மூன்று வருஷம் சபைக்கு வெளியே நின்று பாவப்பரிகாரத் தவம் செய்ய வேண்டும். ஹத்ரேஸின் முறை வந்ததும் அவருக்கே குழப்பமாகிவிட்டது. இவன் தூபம் போடவில்லை, தின்னவுமில்லை. ஆனால் இருபத்தாறு பேர் விழுவதற்குக் கைகொடுத்திருக்கிறான். விழாத ஒருத்தியை விழுந்தவள் என்று எழுதியும் வைத்திருக்கிறான். கடைசியில், திரும்பச் சேர்த்துக்கொள்வதைச் சாகும் தறுவாயில் பார்த்துக்கொள்ளலாம், அதுவரைக்கும் வாசலுக்கு வெளியே நிற்கட்டும் என்று தீர்ப்பாயிற்று.

அவன் தூணை மாற்றவில்லை. வேறு தொழில் தெரியாது. ஞாயிறுதோறும் சுவேரிஸோடு போய்க் கூடும் வீட்டு வாசலில் நிற்பான். தாள் பெற்ற மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தவம் முடிந்து உள்ளே போனார்கள். போகும்போது அவனைப் பார்க்காமல் போவார்கள். எழுத வந்தபோது பார்க்காமல் நின்ற அதே மாதிரி.

சபையில் ஆசீர்வதித்த ரொட்டியைப் பெண்கள் துணியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவருவதுண்டு. தினமும் காலையில் வேறு எதையும் வாயில் வைக்கும் முன்னால் அதில் ஒரு துணுக்கு எடுத்துக்கொள்வார்கள். சுவேரிஸும் கொண்டுவருவாள். வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று முடிச்சை அவிழ்ப்பாள். வாசலுக்கு வெளியே நிற்பவனுக்கு அதில் பங்கில்லை; ஹத்ரேஸ் பாயிலேயே உட்கார்ந்திருப்பான். முதல் மாதங்களில் எழுந்து வெளியே போய்விடுவான். அவள்தான் ஒருநாள், "போக வேணாம், இருங்க" என்றாள். அவள் மென்று விழுங்கி, துணியில் ஒட்டிய பொடியையும் நக்கி எடுத்து, திரும்பும்வரை அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு அவள் அடுப்பை மூட்டி, "கஞ்சியா, ரொட்டியா?" என்று கேட்பாள்.

"ஏதாச்சும்" என்பான்.

"ஏதாச்சும்னு ஒண்ணு நான் சமைக்கறதில்ல. வாயைத் தொறந்து சொல்லுங்க."

அவன் சொல்வான்.